ஷீல்டு கேபிள் போட்டால் தீராது, வயர்க் குழாய்களைத் தனித்தனியாக்குங்கள்

அண்ணாச்சி, பாய்லரின் கேஸ் பர்னரில் தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃபிளேம் ராடின் வயரையும், தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் இக்னிஷன் கேபிளையும் ஒரே வயர்க் குழாயில் இழுக்கலாம், ஷீல்டு கேபிள் (மேலே உலோக உறை உள்ளது) போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் பர்னர் வேலை பார்க்கிற பையன்கள் படித்துவிட்டு அப்படியே செய்துவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ராடுக்குப் போவது ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். தீச்சுடரில் அயனிகள் இருப்பதாலும், ராடைவிட எர்த் ஆன பர்னரின் பரப்பு பல மடங்கு பெரிது என்பதாலும், மின்சாரம் ஒரு திசையில்தான் அதிகம் பாயும். அப்படி ஒரு திசையில் மிஞ்சும் சில மைக்ரோஆம்ப் டிசியை வைத்துத்தான் பர்னரை இயக்கும் கண்ட்ரோலர் தீ இருக்கிறது என்று முடிவு செய்கிறது. பக்கத்திலேயே பல ஆயிரம் வோல்ட் ஸ்பார்க் கேபிள் ஓடினால் அந்த சிக்னல் என்ன ஆகும்? ஷீல்டு போட்டால் வேறு தொல்லை, நீளம் கூடக்கூட வயருக்கும் எர்த்துக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) ஏறி சிக்னல் இளைத்துப்போகும். சூடு தாங்கும் தனி வயர், தனிக் குழாய், பர்னர் உடம்பிலிருந்து கண்ட்ரோலர் எர்த்துக்கு ஒழுங்கான இணைப்பு, இவ்வளவும் வேண்டும். சந்தேகம் இருந்தால் ராடு வயரில் மைக்ரோஆம்ப் மீட்டரை சீரியஸில் போட்டு, பைலட் (முதலில் பற்றும் சிறு தீ) எரியும்போது ஸ்பார்க் இருக்கையிலும் நின்ற பிறகும் அளவைப் பாருங்கள், கணிசமாக மாறினால் இடைஞ்சல் அங்கேதான்.

அப்புறம், பர்னர் அடிக்கடி லாக்அவுட் ஆகிறது (தானே நின்று பூட்டிக்கொள்கிறது) என்பதற்காக லோ வாட்டர் சுவிட்சுக்கு ஜம்பர் (சுவிட்சைத் தாண்டி நேர் வயர்) போடச் சொன்ன வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது பாய்லரில் தண்ணீர் குறைந்தால், சீரியஸில் நின்று கேஸ் வால்வின் மின்சாரத்தையே வெட்ட வேண்டிய சுவிட்ச்.