என் 150 ரூபாயில் உங்களுக்கு ஏன் இவ்வளவு கண்?

நான் பழைய புத்தகங்களைத் துடைத்து, தைத்து, போனில் படம் போட்டு விற்கிறவள். இன்று காலை பத்து மணிக்கு நான் அனுப்பிய ஒரு பார்சல் திரும்பி வந்துவிட்டது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்ற கூரியர் தம்பி, "அக்கா, அவர் எடுக்கமாட்டாராம்" என்று சொல்லிக் கையில் தந்துவிட்டுப் போனான். புத்தகம் கேட்டவரின் வீட்டுக்கு மூன்று தரம் போயிருக்கிறார்கள். முதல் நாள் ஆள் வீட்டில் இல்லை. அடுத்த நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "இப்ப வேண்டாம், பிறகு பார்ப்பம்" என்றாராம்.

350 ரூபாய்ப் புத்தகம். அவராகக் கேட்டதுதான். ஒரு கிழமையாக ஒவ்வொரு நாளும் "அக்கா, எனக்கு வையுங்கோ, வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ" என்று வட்ஸ்அப்பில் எழுதிய மனிதர். அவருக்காக இன்னும் இரண்டு பேருக்கு இல்லை என்று சொன்னேன். அந்த இரண்டு பேரிடமும் இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் புத்தகம் எனக்கு 100 ரூபாய்க்கு வந்தது. பசை, பொலித்தீன், காட்போட் மட்டை, டேப் எல்லாம் ஒரு 60. டேட்டா, சைக்கிள் காற்று, அது இது என்று இன்னொரு 40. மிச்சம் 150. பார்சல் கைக்கு வரும்போதுதான் வாங்குகிறவர் காசு கொடுப்பார். அவர் எடுத்திருந்தால் கூரியர் கூலி அவர் பக்கம். எடுக்காததால் போன கூலி 400, திரும்பி வந்த கூலி 200, இரண்டும் என் தலையில். 600 ரூபாய். இந்த ஒரு பார்சலின் நட்டத்தை நிரப்ப நான் இன்னும் நான்கு புத்தகம் விற்க வேண்டும். அந்த நான்கும் திரும்பி வராமல் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால், "பழைய புத்தகம்தானே, சும்மா கிடைக்கிறது, உங்களுக்கு என்ன நட்டம்?" என்கிறார்கள். சும்மாவா கிடைக்கிறது?

போன மாதம் பாலையூற்றில் ஒரு வீடு. ஆசிரியராக இருந்தவர் காலமாகி இரண்டு வருஷம், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை விற்கப் போகிறார்கள். பழைய பேப்பர்காரர் வருவதற்கு முந்திப் போய்ச் சேர வேண்டும் என்று காலை ஆறரைக்கே போனேன். அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். கையை வைத்ததும் ஒரு வரிசைப் புத்தகம் மண்ணாக உதிர்ந்தது. தப்பியதை மூன்று உரப்பையில் கட்டி ஓட்டோவில் கொண்டு வந்தேன். அந்த வீட்டார் என்னிடம் கிலோ விலை கேட்கவில்லை, புத்தக விலைதான் கேட்டார்கள். அது நியாயம், கொடுத்தேன். ஆனால் உரப்பைக்குள் பாதி விற்கவே முடியாத பாதி. நடுவில் 16 பக்கம் இல்லாதது, அட்டை போனது, பிள்ளைகள் பேனையால் கிறுக்கியது. அந்தப் பாதியின் விலையும் மற்றப் பாதியின் தலையில்தான் ஏறும்.

பிறகு வேலை தொடங்கும். காய்ந்த பெயின்ற் பிரஷால் ஒவ்வொரு பக்கமாகத் தட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் தாள் வளைந்துவிடும், அதனால் நிழலில், ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் விரித்து வைக்க வேண்டும். திருகோணமலையில் புத்தகம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், இந்தக் கடற்காற்று கம்பித் தையலைத் தின்றுவிடும். ஐம்பது வருஷத்துப் புத்தகம் என்றால் கம்பி துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, தொட்டால் பக்கம் கழன்று வரும். அந்தக் கம்பியை ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுத்து நூலால் தைக்கிறேன். கார்த்திகை, மார்கழி மழையில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த இரண்டு மாதமும் அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில புத்தகங்களின் அடியில் ஒரு மங்கிய கோடு இருக்கும். 2004 டிசம்பர் 26 இல் சுனாமித் தண்ணீர் வந்து நின்ற உயரம் அது. அப்படி ஒன்றை நான் 80 ரூபாய்க்குக் கூட விற்றதில்லை, வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் செய்து படம் போட்டால் முதல் கேள்வி, "இருக்கா?" இருக்கிறது என்று எழுதுவேன். "விலை?" படத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறது, இருந்தாலும் திரும்ப எழுதுவேன். "கடைசி விலை?" சரி, 320 தாருங்கள் என்பேன். பார்த்துவிட்டார் என்று நீலச் சரி விழும். அதோடு ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இப்படிப் பதினைந்து பேர். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் என்ன? அந்த ஒரு சொல்லுக்காக நான் புத்தகத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டம் உள் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கும். அனுப்பினால் அதில் "விலை ரூபா 3.75" என்பதைச் சிவப்பால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். "என்ன அக்கா, நூறு மடங்கா?" என்று கேட்பார்கள். இந்த மனிதர்கள் ஒரு தேங்காய்க்கு 200 ரூபாய் கொடுத்தவர்கள். தேங்காய்க் கடையில் நின்று 1974 இல் என்ன விலை என்று கேட்டார்களா? சாதாரணக் கடிதம் ஒன்றுக்கு 15 ரூபாயாக இருந்த முத்திரை 2022 ஓகஸ்டில் ஒரேயடியாக 50 ஆனது. தபாற்கந்தோரில் போய்ச் சண்டை பிடித்தார்களா? அதே வருஷம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். இந்தியாவில் 300 இந்திய ரூபாய் போட்டு வரும் ஒரு புதுப் புத்தகம் இங்கே கைக்கு வரும்போது எங்கள் காசில் 1000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதையும் வாங்குகிறார்கள். இங்கேயே அச்சாகி, இங்கேயே ஒருவர் வாசித்து, இரண்டாம் பதிப்பே வராமல் போன புத்தகத்துக்கு 350 என்றால் மட்டும் கொள்ளை!

மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் கதைகளைத் தேடி என்னிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். எங்கள் மாவட்டத்து எழுத்தாளர், 1962 இல் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியவர். அவருடைய பழைய பதிப்பு ஒன்று கையில் கிடைத்தால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. அப்படிக் கிடைத்த ஒன்றைப் படம் போட்ட அன்றே "ஊர் எழுத்தாளரை வைத்து வியாபாரமா?" என்று ஒருவர் எழுதினார். அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தது ஐயா. ஒரு நாள் பிந்தியிருந்தால் வடை சுற்றியிருப்பார்கள். அதை எடுத்துத் துடைத்து, தைத்து, வாசிக்கிற ஒருவரின் கையில் சேர்த்ததற்கு 150 ரூபாய் கூலி எடுத்தேன். இது எப்படிப் பாவமாகும்?

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதலாம் திகதி வந்தால் யாழ்ப்பாண நூலகம் எரிகிற படத்தைப் போட்டு, 1981, 97,000 புத்தகங்கள் என்று எழுதி அழுகிறோம். நானும் எழுதுகிறேன், நானும் அழுகிறேன். அது அழ வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு நீளமாக எழுதிய அதே ஆள் ஒரு கிழமை கழித்து என்னிடம் வந்து, "பழசுக்கு இந்த விலையா, பழைய பேப்பரில் போட்டால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எரிந்த புத்தகத்துக்கு அவ்வளவு கண்ணீர் வைத்திருக்கிறோம், எரியாமல் மிஞ்சியதை ஏன் கிலோக் கணக்கில் பார்க்கிறோம்?

பிடிஎப் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூலகம் என்ற இணையத்தளத்தில் 2005 இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். பெரிய வேலை, கையெடுத்துக் கும்பிடுவேன். அங்கே இருந்தால் அங்கே போய் வாசியுங்கள், நானே இணைப்பு அனுப்பியிருக்கிறேன். ஆனால் என்னிடம் வந்து, "புத்தகம் வேண்டாம், நீங்களே ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுங்கோ" என்று கேட்காதீர்கள். ஒரு தம்பி கவிதைப் புத்தகம் ஒன்றை "உள்ளே நிலைமை எப்படி என்று பார்க்க" ஒவ்வொரு பக்கமாகப் படம் கேட்டார். நாற்பது பக்கம் எடுத்து அனுப்பினேன். கடைசிப் பக்கம் போனதும், "நன்றி அக்கா, வாசித்துவிட்டேன்" என்று வந்தது.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பாடநூலைக் கொண்டுவந்து விற்றுத் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அதை நான் தொடமாட்டேன், அவ்வளவுதான்.

எல்லோரும் இப்படி இல்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு சேர் வருவார், ஓய்வுபெற்று வெகுகாலம். அவருக்கு வட்ஸ்அப் பிடிக்காது. மகன் படத்தைக் காட்டினால் அடுத்த நாள் பஸ் எடுத்து நேரே வந்துவிடுவார். வாசலில் இருந்து தண்ணீர் குடித்து, புத்தகத்தை எடுத்து முதலில் முதுகுத் தையலைத் தடவிப் பார்ப்பார். "இது நீயா தைச்ச மகள்?" என்று கேட்பார். போட்ட விலையை எண்ணித் தருவார். ஒரு நாளும் குறைத்துக் கேட்டதில்லை. அவர் பென்சனில் சீவிக்கிறவர். காசு இல்லாதவர்கள் என்னிடம் பேரம் பேசியதே இல்லை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. தவணையாகத் தரட்டுமா என்று கேட்பார்கள், சரி என்பேன், தந்து முடிப்பார்கள்.

இனிமேல் நான் முழுக் காசையும் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கமாட்டேன். கூலியை முதலில் வங்கிக்குப் போட்டால்தான் புத்தகம் வீட்டை விட்டு வெளிக்கிடும். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை. நம்பி அனுப்பி இந்த வருஷத்தில் ஏழு பார்சல் திரும்பி வந்துவிட்டது. யாருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. அதை நான் பார்சல் கட்ட முந்திச் சொல்லுங்கள்.

இன்று வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். வழியில் எங்கேயோ எறிந்திருக்கிறார்கள், மூலை மடங்கி, நான் தைத்த தையல் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. இரவு சாப்பிட்டுவிட்டு இருந்து திரும்பத் தைக்க வேண்டும். காலையில் படம் போடுவேன். விலை 350 தான். ஒரு ரூபாய் குறைக்கமாட்டேன்.