வேங்கடத்தின் வாயில் இருந்த நூல்

‘காஞ்சிவரம்’ படத்தை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். பிரியதர்ஷன் இயக்கியது. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டையும் வாங்கிய படம். அப்படியும் நம்மில் பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிட்டோம் என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. (முழுக் கதையையும் சொல்லித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

சரித்திரப் படம் என்றாலே அரண்மனையும் யானையும் வேண்டும் என்று பழகிவிட்டோம். இதில் வருவது சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரத்தின் தறிக்கூடம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்யும் வேங்கடம், தன் மனைவியைச் சாதாரணச் சேலையில்தான் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மகள் பிறந்ததும், பட்டு உடுத்தித்தான் இவளைக் கட்டிக்கொடுப்பேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிடுகிறான். கூலியில் அது நடக்காது. முதலாளியின் தறிக்கூடத்தில் இருந்து தினம் கொஞ்சம் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வருகிறான். ராத்திரியில் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நெய்கிறான்.

இதுவரைக்கும் சொன்னால் ஓர் ஏழை அப்பாவின் சோகக் கதைதான். ஆனால் எழுத்து அதோடு நிற்கவில்லை. அதே வேங்கடம் தொழிலாளர்களைத் திரட்டுகிறான், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நிற்கிறான். தறி நின்றால் நூல் வராது. நூல் வராவிட்டால் சேலை முடியாது. மகளுக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கடைசியில் தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்து வைக்கிறான். கூட இருந்தவர்கள் விலைபோய்விட்டான் என்று நினைக்கிறார்கள், அவனால் வாய்திறந்து காரணம் சொல்ல முடியாது. அவனுடைய இரண்டு ஆசையும் நியாயமானது, ஒன்று இன்னொன்றைக் கொல்கிறது. இந்த முடிச்சைப் போட்டதைத்தான் நான் நல்ல எழுத்து என்கிறேன். நாம் வசனத்தை மட்டும் எழுத்து என்று கொண்டாடிப் பழகியவர்கள்.

வேங்கடமாக வரும் பிரகாஷ்ராஜைப் பற்றி என்ன சொல்ல! ‘கில்லி’ முத்துப்பாண்டியின் குரலும் மிரட்டலும் நம் எல்லாருக்கும் மனப்பாடம். இங்கே அந்தக் குரலையே அடக்கி வைத்துவிட்டார். வாயில் நூலோடு நடந்து வரும்போது கன்னம் அசையக்கூடாது, யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது. அந்தப் பயம் முழுக்கக் கண்ணிலும் கழுத்திலும்தான் தெரிகிறது. ‘திமிரு’ படத்தில் அத்தனை ஆவேசமாக நடித்த ஸ்ரேயா ரெட்டி, இதில் வேங்கடத்தின் மனைவி அன்னமாக அடங்கி வந்து அழகாக நடித்திருக்கிறார்.

முடிவு தெரிந்திருந்தும் தாங்க முடியவில்லை. நூல் திருட்டு பிடிபட்டுச் சிறைக்குப் போய், 1948-இல் அங்கிருந்து காவலோடு ஊர் திரும்பும் வேங்கடம், கிணற்றில் விழுந்து கை கால் விளங்காமல் கிடக்கும் மகளைப் பார்க்கிறான். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தன் கையாலேயே விஷம் கொடுக்கிறான். அப்புறம் பாதியில் நின்றுபோன அந்தப் பட்டை எடுத்து வந்து போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. கதறுவதற்கு எல்லா இடமும் இருந்த காட்சி. அதைப் பிரகாஷ்ராஜ் நடித்த விதம் கதறலை விடக் கொடுமை.

குறை இல்லாமல் இல்லை. பொதுவுடைமை பேச வரும் எழுத்தாளர் சில இடங்களில் பாடம் நடத்துகிறார். போகட்டும்.

நெசவுக் குடும்பங்களில் இருந்து யாராவது இதைப் படித்தால், தறி வேலையையும் அந்தக் காலத்துக் கூலி நிலைமையையும் படம் சரியாகக் காட்டியிருக்கிறதா என்று கமென்டில் எழுதுங்கள். உங்கள் தாத்தா பாட்டி சொன்ன கதைகள் இருந்தால் அதையும் கேட்க ஆசை.