1948இல் ஒரு டொலர் ஒரு ரூபாயா?

ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய்த் தாளின் படத்தோடு, மூதூர், கிண்ணியா, திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: சுதந்திரம் கிடைத்தபோது ஒரு டொலர் ஒரு ரூபாயாம். தாள் உண்மை, கணக்குத்தான் பிழை.

அன்று இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சமம். பிரித்தானிய நாணயமான பவுண் ஒன்றுக்கு 13.33 ரூபாய். பவுண் 4.03 டொலர் என்றால் டொலருக்குச் சுமார் 3.31 ரூபாய் வரும். 1949 செப்டெம்பரில் பவுண் 2.80 டொலராக இறக்கப்பட, ரூபாயும் கூடவே இறங்கி டொலர் 4.76 ஆனது.

பெருமைப்பட ஆசையென்றால் 1966 இருக்கிறது: ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பை டொலருக்கு 7.50 ஆக இறக்கியபோதும், நம்முடையது 1967 நவம்பர் வரை 4.76இலேயே நின்றது.

1950க்குப் பிந்திய வீதங்களை மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளில் பார்க்கலாம். அந்தப் படத்தை இனிப் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.