24 மணித்தியாலத்துக்கு ஒரு சோடி தேவை

ரோயிங் மெஷினில 24 மணித்தியாலம் இழுக்கிறதுக்கு ஒரு சோடி தேடுறன் எண்டு சொன்னா வெள்ளவத்தையில ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி "எதை இழுக்க?" ரெண்டாவது கேள்வி "மனிசன் ஒண்டும் சொல்லேல்லையோ?" மூண்டாவதா ஒரு கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்ல, அதைத்தான் கேட்டிருக்கோணும் எண்டு எனக்கே விளங்க எட்டு மாசம் போட்டுது.

விஷயம் தெரியாத ஆக்களுக்கு ரெண்டு வரியில சொல்லுறன். ஜிம் மூலையில சங்கிலியும் சக்கரமுமா நீட்டுக்குக் கிடக்குமே, வார்ம்அப் எண்டு அஞ்சு நிமிஷம் இழுத்துப்போட்டு எழும்பிப் போவினமே, அதுதான். ஒரே மெஷினில ரெண்டு பேர் மாறி மாறி இழுக்கிறது டாண்டம். ஒராள் இழுக்கேக்க மற்றாள் சாப்பிடலாம், படுக்கலாம், அழலாம், ஆனா சக்கரம் நிக்கக் கூடாது. கொன்செப்ட் 2 கொம்பனி 100 கிலோமீற்றர், 24 மணித்தியாலம், பத்து லட்சம் மீற்றர் எண்டெல்லாம் ரெக்கோர்ட் வச்சிருக்கு. நான் ரெக்கோர்டுக்குப் போகேல்ல, 41 வயசில கணக்குப் பாக்கிற வேலையில பத்து மணித்தியாலம் கதிரையில இருக்கிற மனிசிக்கு அதெல்லாம் எட்டாது. தனிய 42,195 மீற்றர், அதாவது ஒரு மரதன் தூரம், ரெண்டு தரம் இழுத்தாச்சு, இனி இது.

"அப்ப பேர வாவியில போய் வள்ளம் ஓட்டலாமே" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். நியாயம்தான், கொழும்பு ரோயிங் கிளப் 1864இல தொடங்கினது, மெட்ராஸ் ஆக்களோட 1898இல இருந்து போட்டி போடுற இடம். ஆனா எனக்கு விருப்பம் இந்தச் சக்கரச் சத்தம்தான். அதோட 2022இல கரண்ட் இல்லாமல் கொழும்பே இருட்டுக்க கிடந்த நேரம் ட்ரெட்மில் எல்லாம் செத்துப்போய் நிக்க இது மட்டும் ஓடினது, மொனிட்டருக்கு ரெண்டு பெரிய பற்றரி, மிச்சம் நாங்கள் இழுக்கிற இழுவையில வரும். அந்த வெக்கையிலதான் நான் இதில விழுந்தன்.

சரி, சோடிக் கதைக்கு வாறன். முதல் ஆள் ஜிம்மிலயே ஆகப் பலமான ஆள், வந்த உடனே லீவரை 10இல தள்ளினார். 10 எண்டா வலு கூடின எக்ஸர்சைஸ் எண்டு பாதிப் பேர் நினைக்கினம், அது சக்கரத்துக்குப் போற காத்தைக் கூட்டுது அவ்வளவுதான், பாரமான வள்ளத்தை இழுக்கிற மாதிரி, நாரிதான் போகும். அதைவிட மாறி ஏறேக்க சக்கரம் கெதியா நிண்டிடும். அவர் 500 மீற்றருக்கு 2:05இல, அதாவது 2 நிமிஷம் 5 செக்கனில இழுத்தார், நான் 2:40. பாக்க வடிவாத்தான் இருந்தது, சுத்தி நாலு பேர் ஃபோனில வீடியோ எடுத்தினம். ஆனா கணக்கைப் பாருங்கோ, 2:05க்கு கிட்டத்தட்ட 179 வோட்ஸ் வேணும், 2:40க்கு 85 காணும். ரெண்டு மடங்குக்கு மேல சக்தியைக் குடுத்து அரை மணித்தியாலத்தில அவர் கூடப் போனது 1,575 மீற்றர். நாலாவது தரம் ஏறேக்க ஆள் வெளுறிப்போனார், ஜீவனி, அந்த உப்புச் சீனித் தூள், ரெண்டு பக்கெட் கரைச்சுக் குடுத்தன், அதுக்குப் பிறகு அவர் என்ர மெசேஜுக்குப் பதில் போடுறதையே விட்டுட்டார். கெதியா இழுக்கிற ஆள் பிழை எண்டு சொல்ல வரேல்ல. ஆறுதலா இழுக்கத் தெரியாத ஆள் பிழை.

இதுக்கிடையில எங்கட ஃபிளாட்ஸில ஒரு அன்ரி லிஃப்டுக்க வச்சு "ராத்திரி முழுக்க ஒரு ஆம்பிளையோடயோ பிள்ளை?" எண்டு கேட்டா. நான் "ஓம் அன்ரி, மாறி மாறி" எண்டு சொல்லிப்போட்டன், அது இன்னும் பிழையாப் போட்டுது. என்ர மனிசன் அதைக் கேட்டு ரெண்டு நாள் சிரிச்சவர்.

அடுத்தது என்ர சிநேகிதி. பள்ளிக்கூடத்தில இருந்து தெரியும், ஒரே வயசு, ஒரே உயரம், இதைவிட என்ன பொருத்தம் வேணும் எண்டு நினைச்சன். பிரச்சினை என்ன எண்டா அவ நல்லவ. என்ன கேட்டாலும் "ஒண்டுமில்லையடி, நான் ஓகே" எண்டுதான் சொல்லுவா. அஞ்சு மணித்தியாலம் ட்ரையல் செய்யேக்க நாலாவது மணியில நான் மாறி ஏறினா ஹாண்டிலில ரத்தம், கொப்பளம் உடைஞ்சு எவ்வளவு நேரமோ தெரியாது, எனக்குப் பாரமா இருக்கக் கூடாது எண்டு சொல்லாமல் இருந்திருக்கிறா. எனக்கு அவவில கோவம் வந்தது, பிறகு கோவப்பட்டதுக்கு வெக்கமா இருந்தது, ரெண்டு கிழமை கதைக்கேல்ல. இப்ப கதைக்கிறம், ஆனா இழுக்கிறதைப் பற்றி இல்ல. நோகுது எண்டா நோகுது எண்டு நேரத்துக்குச் சொல்லுற ஆள்தான் வேணும். பொம்பிளையளை வளர்க்கேக்கயே இதுக்கு நேர் எதிராத்தான் வளர்க்கிறம், அது பெரிய கதை, இங்க வேண்டாம்.

மூண்டாவது ஆள் தானா வந்தவ. ஹோமாகமப் பக்கம் சிங்களப் பிள்ளை, 33 வயசு, நர்ஸ், வார்ட்டில நைட் டியூட்டி. மரதன் தூரம் கூட இழுக்கேல்ல, 2:45க்குக் கீழ வரவே மாட்டா. முதல் நாள் என்னட்ட அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, "அக்கா, ராத்திரி ரெண்டில இருந்து நாலு வரைக்கும் ஆர்?" அதுதான் அந்த மூண்டாவது கேள்வி. மற்ற ஆக்கள் டீசேர்ட் கேட்டினம், ஃபேஸ்புக் லைவ் போடுவமோ எண்டு கேட்டினம், ஒருத்தரும் அந்த நேரத்தைக் கேக்கேல்ல. நங்கிக்கு (சிங்களத்தில தங்கச்சி) அந்த நேரம் என்ன எண்டு உடம்புக்குத் தெரியும்.

மாறுறதை மட்டும் ரெண்டு மாசம் பழகினம். விசர் எண்டு நினைப்பியள், ஆனா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறினா 24 மணியில 47 மாற்றம். ஒவ்வொண்டுக்கும் 20 செக்கன் போனா கிட்டத்தட்ட 16 நிமிஷம், எங்கட வேகத்துக்கு 3 கிலோமீற்றர் அளவு காத்தில போகுது. அதை 5 செக்கனுக்குக் கொண்டுவந்தா 4 நிமிஷத்தோட முடியுது. அவ இடப்பக்கத்தால இறங்க நான் வலப்பக்கத்தால இருக்கோணும், ஸ்ட்ராப்பைக் கடைசி நாலு இழுவையில தளர்த்தோணும், ரெண்டு பேருக்கும் கால் வைக்கிற தட்டு ஒரே ஓட்டையில நிக்கோணும், இல்லாட்டி ஒவ்வொரு தரமும் குனிஞ்சு மாத்தோணும். அவவுக்கு என்னைவிட ரெண்டு இஞ்சி உயரம் குறைவு, அதால நடுவில ஒரு ஓட்டையில ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டப்படுறம். துவாய் ஆருக்கு எங்க, தண்ணிப் போத்தல் எங்க எண்டு எல்லாம் இடம் இருக்கு. அவ "ஹரி", சிங்களத்தில சரி, எண்டு சொன்னா நான் ரெடி. என்ர தமிழும் அவவின்ர சிங்களமும் ரெண்டு பேருக்கும் அரைகுறையான இங்கிலிஷும் சேந்து ஒரு பாஷை, கதைக்க அவ்வளவா ஒண்டும் இருக்கிறதில்ல, அதுவும் நல்லதுதான்.

போன மாசம் 100 கிலோமீற்றர் முடிச்சம். 8 மணி 47 நிமிஷம், சராசரி 2:38. இங்க இருந்து கண்டிக்கே 115 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ, சும்மா இருந்த இடத்தில இருந்து மலை ஏறத் தொடங்கியாச்சு. 24 மணியும் 2:40இல பிடிச்சா 270 கிலோமீற்றர், வவுனியா தாண்டிடுவம். ஏழாவது மணியில அவ "அக்கா, முழங்கால் நோகுது, இந்த முறை 20 நிமிஷம்தான்" எண்டு சொன்னா. நான் எழும்பிப் போய் 40 நிமிஷம் இழுத்தன். அவ்வளவுதான், ஒரு மன்னிப்பும் இல்ல, ஒரு நன்றியும் இல்ல, எனக்கு அந்த இடத்தில அழுகை வந்தது, வியர்வையோட தெரியேல்ல.

இன்னும் ஒரு கொழுவல் தீரேல்ல. ராத்திரி 12க்குப் பிறகு ஒராள் ரெண்டு மணித்தியாலம் தொடர்ந்து இழுத்து மற்றாளை வடிவா நித்திரை கொள்ள விடோணும் எண்டு அவ நிக்கிறா, வார்ட்டில அப்பிடித்தான் சமாளிக்கிறவையாம். எனக்கு ரெண்டு மணித்தியாலம் படுத்தா எழும்ப ஏலாது, உடம்பு விறைச்சிடும், ஒரு மணித்தியாலம் போதும் எண்டு நான். ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கிற மாதிரி இல்ல. நைட் ஷிஃப்ட் செய்யிற ஆக்கள், மீன்பிடிக்குப் போற ஆக்கள், லொறி ஓடுற ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்கோ, எது சரி? ஜிம்காரர் ராத்திரிக்குத் திறப்புத் தர ஓம் எண்டிட்டார், கார்த்திகைக்கு முதல் செய்யோணும்.