"எந்த வாசல்ல?"

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு, மூன்று வருடத்துக்கு முன், கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். மூன்றாவது மாடி ஃபிளாட். லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு, பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஆறே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். நடை தளர்ந்தது, பேச்சு குறைந்தது, காலை பதினொரு மணிக்கே படுக்கை. பார்த்தவர்கள் எல்லாம் "வயசாச்சுல்ல" என்றார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நாள், "ரூமுக்குள்ளயே இருக்காம கொஞ்ச நேரம் வாசல்ல உட்காரேம்மா" என்றேன்.

"எந்த வாசல்ல?" என்று கேட்டார்.

கதவைத் திறந்து பார்த்தேன். நாலடி காரிடார், பகலிலும் எரியும் டியூப்லைட், எதிர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. தரையில் நாங்கள் வாங்கி ஒட்டிய ஸ்டிக்கர் கோலம். ஐம்பது வருடமாகத் தினமும் காலையில் வாசல் தெளித்து, குனிந்து நிமிர்ந்து கோலம் போட்டவருக்கு நாங்கள் செய்த உதவி அது! அவருக்கு இருந்த ஒரே உடற்பயிற்சியையும் பத்து ரூபாய் ஸ்டிக்கரால் நிறுத்திவிட்டோம்.

திண்ணையைப் பற்றி எல்லோரும் ஏக்கமாக எழுதுகிறார்கள். அதன் வேலை என்ன என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. முழங்கால் வலிக்காரர் உட்கார, எழ வாகான உயரம். பிடித்துக்கொள்ள ஒரு தூண். நிழல். வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. யாரையும் கூப்பிட வேண்டாம், போகிறவர்களே நின்று "என்ன சமையல்?" என்பார்கள். ஃபிளாட்டில் பேச வேண்டுமென்றால் ஒருவர் வீட்டு பெல்லை அடிக்க வேண்டும். அம்மா அடிக்க மாட்டார்.

ஊர் வீட்டைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. அப்பா வழுக்கி விழுந்தது அந்த வீட்டுக் கிணற்றடிப் பாசியில்தான். ராத்திரியில் கொல்லைக் கக்கூசுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அம்மா விழுந்தது எங்கள் பாத்ரூமில். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், அதே வெள்ளையில் ஒன்றரை அங்குல நிலைப்படி. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் படிந்து கலங்குகிறது, கண்பாப்பாவும் சுருங்குகிறது. இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. எனக்குப் படியாகத் தெரிவது அவருக்கு வெறும் தரை. உலக அளவில் வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் அறுபது தாண்டியவர்கள்தான் அதிகம்.

அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. பாத்ரூம் போவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். தண்ணீர் குறைந்ததில் தலைசுற்றல், தலைசுற்றியதில் இன்னும் பயம். இதைத்தான் நாங்கள் "வயசு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரிசெய்ய ஆனது ஒரு நாள். கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரில் துளையிட்டு எவர்சில்வர் கைப்பிடி. (டவல் ராடைப் பிடித்து எழச் சொல்லாதீர்கள், அது கையோடு வந்துவிடும்.) தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், நிலைப்படியில் சிவப்பு டேப், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு.

அப்புறம் நாற்காலி. டிவிக்கு எதிரே இருந்ததை எடுத்து, துணி காயப்போடும் பால்கனியில் போட்டேன். கீழே ஒரு புங்க மரமும் இஸ்திரி வண்டியும் தெரியும். ராஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் எல்லோரும் முதியவர்கள் இல்லை, சரி. ஆனால் எங்கள் வீட்டில் மரத்தைவிட இஸ்திரி வண்டி நன்றாக வேலை செய்தது. ஒரே வாரத்தில் எந்த பிளாக்கில் கல்யாணம், யார் வீட்டில் புது மாப்பிள்ளை என்று அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இறங்கிப் போக ஆசை வந்தது. ஆனால் லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் நாலு படி, கைப்பிடி இல்லை. அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்டேன். "முகப்பு அழகு கெட்டுப்போகும் சார்" என்றார்கள். மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் கேட்டேன். "போட்டால் டெலிவரி பையன்கள் வந்து உட்காருவார்கள்" என்றார்கள். உட்காரட்டுமே, அவர்களுக்கும் கால் வலிக்காதா? அதே மீட்டிங்கில் ஆறு கேமராவுக்குப் பணம் ஒதுக்கினார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். மீட்டிங்கில் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் தலையும் நரைத்ததுதான். அந்த நாலு படி தங்களுக்கும்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கைப்பிடி இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் கைபிடித்து இறக்கிவிட்டு, மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தருகிறார். நேற்று ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்தபோது அந்த நாற்காலியில் ஒரு டெலிவரி பையன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மரத்தைப் பிடித்தபடி நின்று, சி பிளாக்குக்கு எப்படிப் போவது என்று அம்மா அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.