ஜவ்வு இருந்தால் போடுங்கள், பாய்

மூன்று நாளாக விடாத மழை. இந்த மாதிரி நாளில் மத்தியானம் அடுப்பில் ஏற்றி ராத்திரி இறக்கும் மாட்டுக்கறிக்கு ஈடாக எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. அதை வாங்கத்தான் நேற்றுக் காலை குடையோடு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற தம்பி, "பாய், ஜவ்வு துளிகூட வேண்டாம், தனிக்கறியா போடுங்க" என்றார். வறுவலுக்கா தம்பி என்று கேட்டேன். (வாய் சும்மா இருக்காது.) "இல்லக்கா, யூடியூப்ல பார்த்தேன், நாலு மணி நேரம் சிம்ல வேகவைக்கணும்" என்றார். அத்தனை நேரம் வேகவைக்க தனிக்கறி ஆகாது, ஜவ்வுள்ள கறிதான் வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம், பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் நானும் இதையே செய்தவள். மாமியார் வீட்டார் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்தொடையில் கொழுப்போ ஜவ்வோ இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கி மூன்றரை மணி நேரம் வேகவைத்தேன். குழம்பு தண்ணியாக நின்றது. கறி தேங்காய் நார். மாமனார் மட்டும் "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

கறியின் இழைகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் வெள்ளை ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அது சுருங்கி, இழையில் உள்ள சாற்றைப் பிழிந்துவிடும். அரைமணி வெந்த கறி கல் மாதிரி இருப்பது அதனால்தான். 80, 90 டிகிரியில் மணிக்கணக்காக ஈரத்தில் கிடந்தால் அதே ஜவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகிறது. வறண்ட இழையை வழுவழுப்பாக்குவதும், குழம்பை உதட்டில் ஒட்ட வைப்பதும் அதுதான். தனிக்கறியில் சாறு போவது போகும், ஈடுகட்ட ஒன்றும் இருக்காது. (கொலாஜன் பவுடரைப் பாலில் கலக்கிக் குடிக்கிறவர்களே கடையில் ஜவ்வைக் கழித்துக் கட்டச் சொல்கிறார்கள். என்னத்தைச் சொல்ல.)

என் ஓட்டு கால்கறிக்கு. பாதத்தை, அதாவது பாயாவை, சொல்லவில்லை. நமக்குக் கெண்டைச்சதை இருக்கும் இடம். எலும்போடு குறுக்காக, இரண்டு விரல் தடிமனில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய முகத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும், நடுவில் மஜ்ஜை இருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டுப் பாட்டி (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம்) இதைத்தான் பிரெஞ்சில் 'ஜாரே' என்று கேட்டு வாங்குவார். கேரட், டர்னிப், வெங்காயம், கிராம்பு போட்டு பொத்தோஃபே என்ற பிரெஞ்சுக் கறிச்சாறு வைப்பார். நுரையை எடுத்துக்கொண்டே இருப்பார். பானை கொதித்தால் எங்களுக்குத் திட்டு விழும், அது முணுமுணுக்க மட்டும்தான் வேண்டுமாம். நான் அதில் மிளகும் மல்லியும் சேர்த்து, கடைசியில் வடகம் தாளிக்கிறேன். பாட்டி இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

வாலை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாட்டுக்கு ஒரு வால்தான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எலும்பு போக ஆறு பேருக்கு என்ன மிஞ்சும்? கன்னக்கறி கால்கறியைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். நாள் முழுக்க அசைபோட்ட தசையாயிற்றே. ஆனால் தலைக்கறியோடு கலந்துவிடுவார்கள், தனியாகக் கேட்டால்தான் உண்டு. நெஞ்சுக்கறியில் கொழுப்பு என் ருசிக்கு அதிகம். கழுத்தும் நன்றாக வரும், ஆனால் அதிலுள்ள தடித்த மஞ்சள் பட்டையை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது கொலாஜன் இல்லை, எலாஸ்டின் என்ற வேறு புரதம். எட்டு மணி நேரம் வைத்தாலும் ரப்பர்தான்.

அப்புறம், வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் இளம் மாடு. நமக்குக் கிடைப்பது அநேகமாக வயசான காளை, எருமை. வயசாக ஆக ஜவ்வின் முடிச்சு இறுகும். அவர்கள் மூன்று மணி என்றால் நான் நாலு மணி வைக்கிறேன், எருமை என்றால் இன்னும் கொஞ்சம்.

குக்கர் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி, ஜவ்வு சீக்கிரம் கரையும். பாயாவுக்கு நானே குக்கர்தான். கால்கறியில் மட்டும், இரண்டு விசில் கூடிப்போனால் ஜவ்வு ஒரு பக்கம், இழை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. கனமான பாத்திரம், இறுக்கமான மூடி, சின்ன பர்னர் இருந்தால் போதும், கேஸ் அப்படி ஒன்றும் ஓடிவிடாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலை திறந்து பாருங்கள். கரண்டியைப் போட்டால் குழம்பு அல்வா மாதிரி ஆடும். நம்மூர்ச் சூட்டில் வெளியே வைத்தால் உறையாது, கெட்டுத்தான் போகும்.

அந்தத் தம்பி இதைப் படிக்க நேர்ந்தால்: வாங்கிய தனிக்கறியைக் குக்கரில் வேகவைத்து, மிளகு போட்டுச் சுருள வறுத்துவிடுங்கள். நாலு மணி நேரத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாயிடம் கால்கறி சொல்லி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து.