பின்னட்டையில் கதையைக் காணோம்

நாவலின் பின்னட்டையைத் திருப்பினால், கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், ‘வாழ்வின் ஆழங்களைத் தொடும் உன்னதப் படைப்பு’ என்று எந்த நூலுக்கும் பொருந்தக்கூடிய புகழ்மொழிகளே நிறைந்திருப்பது எனக்குப் பெரும் எரிச்சலைத் தருகிறது. கதையின் மையத்தில் நிற்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தோற்றால் அவர் எதை இழப்பார் என்பதை 150 சொற்களுக்குள் தாராளமாகச் சொல்லிவிடலாம். கையில் எடுத்தவர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அதுவே போதும்.

எல்லாவற்றையும் கொட்டிவிடுவது இதைவிடக் கொடுமை. அண்மையில் வாங்கிய ஒரு துப்பறியும் நாவலின் பின்னட்டை, பாதிக் கதைக்குப் பிறகு நிகழும் ஒரு மரணத்தை இரண்டாம் வரியிலேயே போட்டு உடைத்திருந்ததால், அந்தப் பாத்திரம் சிரித்துப் பேசிய பக்கங்களைக்கூட இறந்துபோனவரின் பேச்சாகவே வாசிக்க நேர்ந்தது. முதல் கால்பகுதிக்கு அப்பால் நடப்பது எதுவும் பின்னட்டைக்கு வரவே கூடாது என்பேன். ஒரே பத்தியில் ஆறேழு பெயர்களை அடைப்பதும் வேண்டாம். முக்கியமான ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும். விருதுப் பட்டியலை அச்சிட உள்ளே எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. பதிப்பாளர்கள் தயவுசெய்து பின்னட்டையைக் கதைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.